முறைவைப்பும் எளிமையும்: ‘டிராகன் குவெஸ்ட்’ வழிப் பாத்திரமேற்புக் காணொளி விளையாட்டின் வடிவமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

பாத்திரமேற்புக் காணொளி விளையாட்டு தொடக்கத்தில் விதிநூல்களைப் பொறுமையுடன் பயின்ற சிறு குழுவினர்க்கே உரியதாக இருந்தது. 1986ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ அவ்வகையைப் பொது விளையாட்டாளரிடம் கொண்டு சேர்த்தது. அவ்விளையாட்டின் தொடக்க அறை, நிலவரைபடம், தோல்வி விதி, மொழி, தொடர்ச்சியான வளர்ச்சி ஆகிய ஐந்து கூறுகளை ஒரு பனுவலின் உறுப்புகளாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தொடக்கநிலையினர்க்கென்றே 1992இல் ஆக்கப்பட்ட மற்றொரு விளையாட்டு எதிர்ச்சான்றாக ஒப்பிடப்படுகிறது. பலரையும் ஈர்க்கும் எளிமை, ஆழத்தைக் குறைப்பதனால் அமைவதில்லை. ஆழத்தை முறைப்படுத்தி வைப்பதனால் அமைகிறது என்பது இக்கட்டுரையின் முடிவாகும். அவ்வெளிமைக்காக இழக்கப்பட்டவையும் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, டிராகன் குவெஸ்ட், யூஜி ஹோரீ, முறைவைப்பு, பொது விளையாட்டாளர், மொழிநடை.

முன்னுரை

கதை கேட்பவர் கதைக்கு வெளியே இருக்கிறார். நாடகம் காண்பவர் அரங்கிற்கு வெளியே இருக்கிறார். காணொளி விளையாட்டில் விளையாடுபவரின் செயல் இல்லையெனில் கதை ஓர் அடியும் நகராது. இவ்வகையுள் பாத்திரமேற்பு விளையாட்டு தனித்தன்மை உடையது. விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, ஊர்களில் உரையாடி, பகையை வென்று, பட்டறிவுப் புள்ளிகளைச் சேர்த்துப் படிநிலையில் உயர்ந்து, நெடுங்கதை ஒன்றை நிறைவு செய்கிறார். கைவிரைவைவிடத் தேர்வும் திட்டமிடலும் இதில் முதன்மை பெறுகின்றன.

இத்தகைய விளையாட்டில் நுழைவது கடினம். எண்களும் விதிகளும் கட்டளைகளும் மிகுதியாக உள்ளன. ஆகவே ‘பலரும் விளையாட வேண்டுமெனில் விதிகளைக் குறைக்க வேண்டும், குறைத்தால் ஆழம் கெடும்’ என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. எளிமையையும் ஆழத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தும் இக்கருத்து சரியானதா என்பதே இக்கட்டுரையின் வினா. இலக்கண நூல்களையும் உரைகளையும் பயில்வோர்க்கு இவ்வினா புதியதன்று. நன்னூல் தன் பொதுப்பாயிரத்தில் நூலின் அழகுகள் பத்தினைத் தொகுக்குமிடத்து, விளங்க வைத்தலையும் ஆழமுடைமையையும் முறையின் வைப்பையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. அவற்றுள் ‘முறைவைப்பு’ என்னும் கருத்தே இவ்வாய்விற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

விளையாட்டு மரபும் அதன் வாயிற்படியும்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டே இம்மரபின் ஊற்றுக்கண். அதில் விதிகளை அறிந்த ஒருவர் நடுவராக அமர்ந்து கதையை நடத்துவார். விதி அறியாதவர்க்கு அவரே விளக்கம் தருவார். தேவையெனில் விதியை நெகிழ்த்துவார். 1981இல் ஆண்ட்ரூ கிரீன்பர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் ஆக்கிய ‘விசர்ட்ரி’, ரிச்சர்ட் கேரியட் ஆக்கிய ‘அல்டிமா’ ஆகியவை இம்மரபைக் கணினித் திரைக்குப் பரவலாகக் கொண்டுவந்தன. கணிக்கும் பணியைக் கணினி ஏற்றது; ஆனால் அருகிலிருந்து விளக்கும் மனிதர் மறைந்தார். அவ்விடத்தை அச்சிட்ட கையேடு நிரப்ப வேண்டியதாயிற்று.

‘விசர்ட்ரி’யில் பயணம் தொடங்கும் முன்னரே விளையாடுபவர் ஆறு பேர் வரையிலான குழுவை உருவாக்க வேண்டும். ஒவ்வொருவர்க்கும் இனம், அறநிலை, தொழில், பண்புப் புள்ளிகள் ஆகியவற்றை முடிவு செய்ய வேண்டும். இம்முடிவுகளின் விளைவு என்ன என்பதை விளையாடி அறிந்தவரே உணர முடியும். விளையாடாதவரிடமே அவை முதலில் கேட்கப்படுகின்றன. அதன்பின் பத்து அடுக்குச் சுரங்கத்தின் வழிகளைக் கட்டமிட்ட தாளில் தம் கையாலேயே வரைந்து கொள்ள வேண்டும். இறந்த மாந்தரை உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் அம்மாந்தரை முற்றிலும் இழக்கவும் நேரிடும். இதன் ஆழத்தை விரும்பியோர் பலர். எனினும் வாயிற்படியிலேயே திரும்பிச் செல்பவர்க்கு அவ்வாழத்தைக் காணும் வாய்ப்பு இல்லை.

ஆக்கப் பின்புலம்

யூஜி ஹோரீ எழுத்தாளராக இதழ்களில் பணியாற்றியவர். ஈனிக்ஸ் நிறுவனம் நடத்திய நிரலாக்கப் போட்டியின் வழி விளையாட்டுத் துறைக்கு வந்தவர். அப்போட்டியிலேயே அறிமுகமான கோய்ச்சி நாகமுராவுடன் 1983இல் அமெரிக்காவில் நடந்த கணினிக் கண்காட்சி ஒன்றில் ‘விசர்ட்ரி’யைக் கண்டார். அவ்வாண்டிலேயே அவர் எழுதிய ‘போர்ட்டோப்பியா’ என்னும் துப்பறியும் விளையாட்டில், விளையாடுபவர் கட்டளைச் சொற்களைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 1985இல் அது ‘ஃபேமிகாம்’ என்னும் நிண்டெண்டோ வீட்டுக் கருவிக்கு மாற்றப்பட்டபோது விசைப்பலகை இல்லாத நிலை ஏற்பட்டது. ஆகவே கட்டளைகள் திரையில் பட்டியலாக அமைந்தன. ஏற்ற சொல்லை ஊகிக்க வேண்டிய சுமை நீங்கி, கண்முன் உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செயல் எஞ்சியது. பின்னர் எழுந்த ஆக்கத்திற்கு இம்மாற்றமே முன்னோடி எனலாம்.

1986 மே 27 அன்று ‘டிராகன் குவெஸ்ட்’ ஃபேமிகாமில் வெளியாயிற்று. கதையும் வடிவமைப்பும் ஹோரீ; நிரலாக்கம் நாகமுரா; ஓவியம் அகிரா தோரியாமா; இசை கோய்ச்சி சுகியாமா. மேலிருந்து காணும் நிலப்பரப்பை ‘அல்டிமா’விலிருந்தும், பகைவரை எதிரெதிராகக் காணும் போர்க்காட்சியை ‘விசர்ட்ரி’யிலிருந்தும் இது பெற்றுக்கொண்டது. ஆகவே இதன் புதுமையை உறுப்புகளில் தேடுவதைவிட, உறுப்புகளை அடுக்கிய முறையில் தேடுவதே பொருத்தமாகும்.

முதல் அறை

விளையாட்டு அரசவை அறை ஒன்றில் தொடங்குகிறது. விளையாடுபவர் தம் பெயரை மட்டும் இடுகிறார். இனமோ தொழிலோ கேட்கப்படுவதில்லை. பேரரக்கனாகிய டிராகன் வேந்தன் கவர்ந்து சென்ற ஒளிமணியை மீட்குமாறு அரசர் வேண்டுகிறார். அறையில் மூன்று பேழைகள் உள்ளன. அறையின் கதவு பூட்டப்பட்டுள்ளது. கதவிற்கு அப்பால் கீழிறங்கும் படிக்கட்டு உள்ளது.

இவ்வறையை விட்டு வெளியேறாமல் கதை தொடராது. வெளியேற வேண்டுமெனில் பேழையைத் திறந்து சாவியை எடுக்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். படிக்கட்டில் இறங்க வேண்டும். செய்வதறியாது நிற்பவர்க்கு அறையிலுள்ள காவலர் வழி கூறுவர். அதற்கு அவர்களிடம் பேச வேண்டும். ஆட்டத்தின் கட்டளைகள் மொத்தம் எட்டு. அவற்றுள் பேசுதல், எடுத்தல், கதவு திறத்தல், படி இறங்குதல் ஆகிய நான்கும் முதல் சில நிமிடங்களில் பகை ஏதுமில்லாத அறைக்குள் பழகிவிடுகின்றன. கையேட்டின் முதற்பக்கம் இங்கு அறையாகவே கட்டப்பட்டுள்ளது. கற்பிக்கப்படுகிறோம் என்னும் உணர்வின்றியே விளையாடுபவர் கற்றுக் கொள்கிறார்.

மற்ற இரு பேழைகளும் கருதத்தக்கவை. ஒன்றில் தீப்பந்தம் உள்ளது. இருண்ட குகைகள் இனி வரும் என்பதற்கு அது முன்குறிப்பு. மற்றொன்றில் 120 பொன் உள்ளது. அருகிலுள்ள ஊரின் கடையில் தாமிர வாளின் விலை 180 பொன். தடி 60 பொன். தோற்கவசம் 70 பொன். கையிலுள்ள தொகையில் வாள் வாங்க இயலாது. தடியையும் தோற்கவசத்தையும் சேர்த்து வாங்கவும் பத்துப் பொன் குறைகிறது. தாக்குதலா தற்காப்பா என்னும் தேர்வை, இவ்வகையின் சாரமான அத்தேர்வை, விளையாடுபவர் முதல் கடையிலேயே எதிர்கொள்கிறார். இங்குத் தேர்வு நீக்கப்படவில்லை. பொருள் விளங்கும் இடத்திற்கு அது தள்ளி வைக்கப்பட்டுள்ளது. ‘விசர்ட்ரி’ பயணத்திற்கு முன் கேட்ட வினாவை ‘டிராகன் குவெஸ்ட்’ பயணத்திற்குள் கேட்கிறது.

நிலவரைபடம்

கோட்டையை விட்டு வெளியே வந்ததும் நீர்ப்பரப்பிற்கு அப்பால் பகைவனின் கோட்டை திரையிலேயே தெரிகிறது. முடிவு தொடக்கத்திலேயே காட்டப்படுகிறது. ஆனால் அங்குச் செல்ல நிலம் முழுவதையும் சுற்றி வர வேண்டும். எங்குச் செல்ல வேண்டும் என்னும் ஐயம் இன்றி, எவ்வாறு செல்வது என்னும் ஆவல் மட்டும் எழுகிறது.

நிலத்தில் எத்திசையிலும் செல்லலாம், தடைச்சுவர்கள் குறைவு. எனினும் பாலத்தைக் கடந்தால் பகைவரின் வலிமை கூடுகிறது. அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. பாலத்தைக் கடந்து அடிபட்டுத் திரும்பியவர் பாலத்தின் பொருளைத் தாமே உணர்கிறார். முதல், கரு, உரி எனப் பகுத்து நிலத்தைப் பொருளுணர்த்தும் கூறாகக் காணும் மரபில் பயின்றோர்க்கு, நிலமே விதியை உணர்த்தும் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். இரண்டும் ஒன்று எனக் கொள்வது பொருந்தாது. நிலம் வெறும் பின்னணியாக இல்லாமல் பொருள் தருகிறது என்னும் அளவில் ஒப்புமை அமைகிறது.

தோல்வியும் காலமும்

அக்கால வீட்டு விளையாட்டுகள் பெரும்பாலும் கைத்திறனைச் சார்ந்தவை. 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் தாவும் நொடி தவறினால் உயிர் போகும். உயிர்கள் தீர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘டிராகன் குவெஸ்ட்’ வேறொரு விதியைக் கொண்டது. தோற்றவர் அரசரிடம் திரும்பக் கொண்டுவரப்படுகிறார். கையிலுள்ள பொன்னில் பாதியை இழக்கிறார். பட்டறிவுப் புள்ளிகள் குறைவதில்லை. தோல்விக்கு விலை உண்டு; ஆனால் கற்றது பறிக்கப்படுவதில்லை. திறன் குறைந்தவரும் காலம் செலவிட்டால் வளர்வார் என்னும் உறுதியை இவ்விதி அளிக்கிறது.

வளர்ச்சியின் இடைவெளிகளும் கணக்கிட்டு அமைக்கப்பட்டுள்ளன. முதல் பகைவன் ‘ஸ்லைம்’ என்னும் நீர்த்துளி வடிவ உயிரி. தோரியாமா வரைந்த அதன் புன்னகை முகம் அச்சத்தைவிட நகையையே எழுப்புவது. அதை ஒருமுறை வென்றால் ஒரு புள்ளி. ஏழு புள்ளிகள் சேர்ந்தால் இரண்டாம் படிநிலை. இறுதியான 30ஆம் படிநிலைக்கு 65,535 புள்ளிகள் தேவை. முதல் படி மிகத் தாழ்வாகவும் பின்வரும் படிகள் மெல்ல உயர்வாகவும் அமைந்துள்ளன. அரசரிடம் திரும்பும்போதெல்லாம் அடுத்த படிநிலைக்கு எத்தனை புள்ளிகள் தேவை என்பதை அவரே கூறுகிறார். எண்ணியல் விதி ஒன்று கதைமாந்தரின் கூற்றாக மாறிக் கதைக்குள் அடங்கிவிடுகிறது.

மொழி

இவ்விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட் நினைவகத்தில் அடங்க வேண்டியிருந்தது. சீனச் சித்திர எழுத்துகளுக்கு இடமில்லை. ஹிரகானா எழுத்துகளே பெரிதும் பயன்பட்டன. அயற்சொற்களையும் பெயர்களையும் எழுதப் பயன்படும் கத்தகானாவின் அடிப்படை எழுத்துகள் 46. அவற்றுள் 20 மட்டுமே இதில் இடம்பெற்றன. உயிரிகளின் பெயர்களையும் மந்திரங்களின் பெயர்களையும் அவ்விருபதுக்குள் அமைக்க வேண்டியிருந்தது. ‘சு-ரா-இ-மு’ என ஜப்பானியத்தில் நான்கு எழுத்தாக ஒலிக்கும் ஸ்லைமின் பெயரும் அவற்றுள் அடங்குவதே. எழுத்துப் பற்றாக்குறை சொற்சிக்கனத்தை உண்டாக்கிற்று. மாந்தர் ஒவ்வொருவரும் ஓரிரு சிறு தொடர்களையே பேசுகின்றனர். அத்தொடரிலேயே ஒரு செய்தியோ நகைச்சுவையோ ஒரு மனிதரின் இயல்போ வெளிப்படுகிறது.

ஆட்டத்தை இடைநிறுத்தித் தொடர்வதற்கு ‘உயிர்மீட்கும் மந்திரம்’ என்னும் பெயரில் 20 எழுத்துகள் தரப்பட்டன. அவை 5, 7, 5, 3 எனப் பகுக்கப்பட்டுத் திரையில் தோன்றின. முதல் மூன்று பகுதிகளும் ஜப்பானியச் செய்யுளுக்கு இயல்பான ஓசை அளவு. பொருளற்ற கடவுச்சொல்லும் செவிக்குப் பழகிய ஓசையில் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

தலைவன் பேசாமை மற்றொரு மொழிக்கூறு. எல்லோரும் அவனை நோக்கி முன்னிலையில் பேசுகின்றனர். அவனுக்கெனத் தன்மைக் கூற்று இல்லை. இவ்வெற்றிடத்தில் விளையாடுபவர் தம்மை இருத்திக் கொள்கிறார். படர்க்கையில் நிற்கக்கூடிய ஒரு மாந்தர், கூற்று மறுக்கப்படுவதனாலேயே விளையாடுபவரின் தன்மையாக மாறுகிறார்.

மொழிநடையின் இன்றியமையாமையை இதன் ஆங்கில வடிவம் வேறொரு கோணத்தில் காட்டுகிறது. ‘டிராகன் வாரியர்’ என்னும் பெயரில் 1989இல் வட அமெரிக்காவில் நிண்டெண்டோ இதை வெளியிட்டபோது உரையாடல்கள் பழைய ஆங்கில நடையில் அமைக்கப்பட்டன. வழக்கிறந்த முன்னிலைப் பெயர்களும் வினைமுற்றுகளும் பயன்பட்டன. ஜப்பானில் பெற்ற வரவேற்பை இது அங்குப் பெறவில்லை. பின்னர் நிண்டெண்டோ தன் இதழின் உறுப்பினர்க்கு இதனை இலவசமாகவே வழங்கியது. நடை ஒன்றே இதற்குக் காரணம் எனக் கூறவியலாது. மூன்றாண்டுத் தாழ்ச்சியும் வேறுபட்ட விளையாட்டுச் சூழலும் உள்ளன. எனினும், விதிகள் மாறாதிருக்க நடை மாறினால் விளையாடுபவர்க்கும் உலகிற்கும் இடையிலான தொலைவு மாறும் என்பது தெளிவு.

ஒன்று, மூன்று, நான்கு

முறைவைப்பு ஒரே விளையாட்டோடு முடியவில்லை. 1986இன் முதல் ஆக்கத்தில் தலைவன் ஒருவனே. பகைவரும் ஒருமுறைக்கு ஒருவரே. 1987இல் வந்த இரண்டாம் ஆக்கத்தில் மூவர் கொண்ட குழு அமைந்தது. பகைவரும் கூட்டமாக வந்தனர். 1988இன் மூன்றாம் ஆக்கத்தில் நால்வர் குழு. உடன்வருவோரின் தொழில்களை விளையாடுபவரே தேர்ந்து அமைக்கலாம். தலைமை மாந்தர் ஆணா பெண்ணா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ‘விசர்ட்ரி’ முதல் நொடியில் கேட்ட குழு அமைப்பு வினாவை இத்தொடர் மூன்றாம் ஆக்கத்தில் கேட்கிறது. அப்போது அதற்கு விடைகூற இலட்சக்கணக்கானோர் பயிற்சி பெற்றிருந்தனர்.

ஜப்பானில் முதல் ஆக்கம் ஏறத்தாழ 15 இலட்சம் படிகளும், இரண்டாவது ஏறத்தாழ 24 இலட்சமும், மூன்றாவது ஏறத்தாழ 38 இலட்சமும் விற்றன. விதிகள் பெருகப் பெருக விளையாடுவோரும் பெருகினர். விதி மிகுந்தால் மக்கள் விலகுவர் என்னும் கருத்திற்கு இது நேர்மாறான சான்று. இவ்வெற்றியில் வடிவமைப்பிற்குப் புறம்பான காரணங்களும் உள. தோரியாமாவின் ‘டிராகன் பால்’ அப்போது ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வெளிவந்து கொண்டிருந்தது. ஹோரீயும் அவ்விதழில் எழுதி வந்தார்; விளையாட்டைப் பற்றிய அறிமுகங்கள் அதில் இடம்பெற்றன. அறியாத வகை ஒன்றை அறிந்த ஓவியரின் கைவண்ணத்தில் வாசகர் எதிர்கொண்டனர்.

எதிர்ச்சான்று

ஸ்குவேர் நிறுவனம் 1992இல் வட அமெரிக்கச் சந்தையை நோக்கி ‘ஃபைனல் ஃபேண்டசி மிஸ்டிக் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டை, தொடக்கநிலையினர்க்குரியது என்னும் அறிவிப்புடனேயே வெளியிட்டது. அதில் உலக வரைபடத்தில் குறிக்கப்பட்ட புள்ளிகளுக்கு இடையே மட்டுமே செல்லலாம். புதிய கவசம் கிடைத்ததும் தானே அணியப்படும். உடன்வருபவர் ஒருவரே; அவர் தாமாகவே போரிடுமாறும் அமைக்கலாம். தோற்றால் அப்போரையே உடனே மீண்டும் தொடங்கலாம்.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் விளையாடுபவர்க்கு உதவுபவையே. ஆனால் அவை சுமையை நீக்கியபோது தேர்வையும் உடன் நீக்கின. 120 பொன்னை வைத்துக்கொண்டு கடையில் தயங்கும் கணம் இதில் அரிது. பாலத்தைக் கடக்கலாமா என எண்ணும் கணமும் அரிது. பழகியவர்க்கு இது மெலிவாகத் தோன்றிற்று. புதியவரையும் எதிர்பார்த்த அளவில் ஈர்க்கவில்லை. மாறாக, 1996இல் ஜப்பானில் வெளிவந்த ‘போக்கிமான்’ மூன்று உயிரிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எளிய வினாவில் தொடங்கி, 151 உயிரிகளும் அவற்றின் வகை முரண்களும் கொண்ட பரப்பிற்குச் சிறுவரையும் அழைத்துச் சென்றது. குறைத்தலும் முறைப்படுத்தலும் வேறு வேறு என்பதை இவ்விரு ஆக்கங்களும் இருபுறமும் நின்று காட்டுகின்றன.

இழப்புகள்

‘டிராகன் குவெஸ்ட்’ பெற்ற எளிமை விலையின்றிக் கிடைத்ததன்று. மேசை விளையாட்டில் விளையாடுபவர் தாம் யார் என்பதைத் தாமே படைத்தார். இங்குப் பாத்திரம் முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. மீட்கப்பட்ட இளவரசி அன்பு வேண்டுமிடத்தில் ‘இல்லை’ என்னும் விடை ஏற்கப்படுவதில்லை. ‘ஆம்’ என்னும் வரை வினா திரும்பத் திரும்ப வருகிறது. இறுதியில் உலகில் பாதியைத் தருவதாகப் பகைவன் கூறும்போது ‘ஆம்’ என்றால் மட்டும் அவ்விடை உண்மையாகவே ஏற்கப்பட்டு, பயணம் அங்கேயே வீணாகிறது. பாத்திரமேற்பு என்னும் பெயரின் முதற்பொருளாகிய தன்னுருவாக்கம் இதில் சுருங்கியது.

மேலும், திறனுக்கு ஈடாக இது காலத்தைக் கேட்கிறது. ஒரே பகையை மீண்டும் மீண்டும் வெல்லும் நெடிய மணிநேரங்கள் மாணவர்க்கு எளிது, உழைப்பவர்க்கு அரிது. கடவுச்சொல்லில் ஓரெழுத்தைப் பிழையாகக் குறித்தவர் தம் முயற்சி முழுவதையும் இழக்க நேர்ந்தது. ‘பொது விளையாட்டாளர்’ என்போர் நடைமுறையில் சிறுவர் இதழ் ஒன்றின் வாசகர்களோடு பெரிதும் ஒத்தவர்களாகவே கருதப்பட்டனர் என்பதையும் மறத்தல் இயலாது. யாருக்காக வாயில் தாழ்த்தப்படுகிறது என்னும் வினாவை எழுப்பாமல் ஒரு வடிவமைப்பைப் ‘பொது’ என அழைப்பது நிறைவுடையதாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படுவன: 1. பாத்திரமேற்பு விளையாட்டின் நுழைவுத் தடை அதன் ஆழத்தில் இல்லை. பொருள் விளங்கும் முன்னரே தேர்வைக் கேட்கும் வரிசைப் பிழையில் உள்ளது. 2. ‘டிராகன் குவெஸ்ட்’ கையேட்டின் பணியை அறைக்கும் நிலத்திற்கும் மாந்தரின் பேச்சிற்கும் பகிர்ந்தளித்தது. 3. தோல்வியில் கற்றது பறிக்கப்படாமையே புதியவரை நிலைக்கச் செய்தது. 4. தேர்வுகளை நீக்கி எய்தும் எளிமை, புதியவரையும் பழகியவரையும் ஒருசேர இழக்கக் கூடும். 5. மொழிநடை என்பது வடிவமைப்பின் மேற்பூச்சு இல்லை. அதுவும் ஒரு விதியாகவே செயற்படுகிறது.

இறுதி முடிபு தமிழில் இத்தகைய ஆக்கங்களை உருவாக்க விழைவோர்க்கும் உரியது. பழங்கதைக்களம் என்றதும் பழஞ்சொற்களை நிரப்பும் விருப்பம் இயல்பாகவே எழும். அச்சொற்களை விலக்க வேண்டியதில்லை. அவை எந்த அறையில், எந்தப் பேழைக்குள், யாருடைய வாய்மொழியாக முதலில் வர வேண்டும் என்பதை வரையறுக்க வேண்டும். அவ்வரையறையில் வடிவமைப்பாளர்க்கு உரையாசிரியர் மரபை அறிந்த ஆய்வாளர் துணைநிற்க இயலும். அருஞ்சொல்லை அஞ்சி நீக்காமல், அதைக் கற்பவர் அடையும் வழியை அமைத்தவர்கள் அவ்வுரையாசிரியர்களே.